தனியறை மருந்தாகாது

மனநோயுள்ள கைதியைத் தனியறையில் பூட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும். பதுளைச் சிறைச்சாலையும், இளம் குற்றவாளிகளை வைத்திருக்கும் தல்தென நிலையமும் இதற்கு விலக்காக இருக்கக் கூடாது.

நமது சிறைகளை இன்றும் ஆள்வது 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். கோப்பித் தோட்டக் காலத்துச் சட்டம். ஒழுங்கு மீறியவரைத் தனியே அடைப்பது அதில் ஒரு தண்டனை. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின்படி, நாளுக்கு 22 மணிநேரம் மனிதத் தொடர்பின்றி அடைத்தாலே அது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் அதற்கு இடமில்லை. தனிமையால் நோய் முற்றக்கூடியவரை அப்படி அடைக்கவே கூடாது. இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் மரண தண்டனைக் கைதிகள் நாளின் பெரும்பகுதியை ஆண்டுக்கணக்காக அறைக்குள்ளேயே கழிப்பதை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2020 சிறைச்சாலை ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

இடநெருக்கடியில் ஒழுங்கைக் காக்க வேறு வழியில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அவர்களின் சிரமம் உண்மை. ஆனால் இரவெல்லாம் கத்துகிறவன், சுவரில் தலையை மோதுகிறவன், சோற்றைத் தொடாதவன் நோயாளி. தனியறை அவன் கூச்சலை மற்றவர் காதுக்கு எட்டாமல் செய்யும், அவ்வளவுதான்.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. மடுல்சீமை லயத்திலிருந்து மறியலுக்குப் போகும் பையனுக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். 'காதுக்குள்ள யாரோ பேசுறாங்க' என்பதை அதில் எப்படிச் சொல்வான்? சொல்லாததால் மருந்து இல்லை. கட்டளைக்குப் பணியாததால் தண்டனை. இத்தனைக்கும் தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி. அவனைப் பார்க்க வரும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடுகிறது. பிள்ளை நிலைகுலைந்திருப்பதை அவள் முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்கிறாள். அதைத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளச் சிறை வாசலில் ஓர் அலுவலர் வேண்டும்.

பதுளை போதனா வைத்தியசாலை அதே நகரில்தான் இருக்கிறது. அதன் உளநல வைத்தியர் வாரந்தோறும் தவறாமல் சிறைக்குள் செல்லவும், தமிழ் பேசும் உளவளத்துணையாளர் அங்கு நிரந்தரமாக இருக்கவும் சுகாதார அமைச்சும் நீதி அமைச்சும் ஏற்பாடு செய்ய வேண்டும். எவரைத் தனியே அடைத்தாலும் ஒரு வைத்தியர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே எடுங்கள் என்று அவர் சொன்னால் அத்தியட்சகர் அன்றே எடுக்க வேண்டும். பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள், நீதி அமைச்சின் ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும் நாளில், இதற்கான பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.