தன் வழக்கில் தானே நீதிபதி

எவரும் தம்முடைய வழக்கில் தாமே நீதிபதியாக அமரலாகாது என்பது சட்டக்கல்லூரியின் முதலாண்டு மாணவனும் அறிந்த நியாயம். காணி வழக்கொன்றை விசாரிக்கும் நீதிபதிக்கு அக்காணியில் அரைப் பரப்புப் பங்கு உண்டென்று தெரிந்தால், அவர் முன் வழக்காட நாம் ஒரு கணமும் சம்மதியோம். ஆனால் ஆகாய விமானத்தில் ஏறும் நூற்றெண்பது உயிர்களைப் பொறுத்தவரையில் உலகம் இந்நியாயத்தைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. “இன்று நான் பறக்கத் தகுதியுடையேனா?” என்னும் வழக்கில் பிரதிவாதியும் விமானியே, சாட்சியும் விமானியே, தீர்ப்பளிப்பவரும் விமானியே. தீர்ப்பினால் நட்டமடையக் கூடியவரும் அவரே!

சட்டம் என்ன சொல்கிறது? 1944இல் எழுதப்பட்ட சிக்காக்கோ உடன்படிக்கைக்கு இலங்கையும் கட்டுப்பட்ட நாடு. தம் தேகநிலை குன்றியிருப்பதை உணர்ந்த விமானி, அதனால் பாதுகாப்புக்கு இடையூறு நேரக்கூடுமாயின், விமானம் செலுத்தலாகாது என்று அவ்வுடன்படிக்கையின் முதலாம் இணைப்பு விதிக்கிறது. வைத்தியப் பரிசோதனை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானிக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை; 60 வயதைக் கடந்தவருக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை. மற்ற நாட்களெல்லாம் அவருக்கு அவரே வைத்தியர்.

தடிமன் என்றால் நமக்கு அலட்சியம். வெள்ளவத்தையில் உத்தியோகத்துக்குப் போகிறவர் மல்லித் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். கிளிநொச்சியில் வயலுக்குப் போகிறவர் அதுவுமின்றி வரப்பில் இறங்குவார். விமானியின் நிலை வேறு. பறக்கும் விமானத்தினுள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 அடி முதல் 8,000 அடி வரையான மலையில் இருப்பது போன்றது. நுவரெலியா நகருக்கும் பீதுருதாலகாலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் எனலாம். விமானம் இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது. மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் தடிமனால் அடைபட்டிருந்தால் செவிப்பறை உள்ளே இழுபட்டுக் கடுவலி உண்டாகும், கேள்வி மங்கும், சிலருக்குத் தலைசுற்றும். விமானி மிக விழிப்பாயிருக்க வேண்டிய நேரமும் அதுவே. அடைப்புக்கென்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையோ பெரும்பாலும் தூக்கத்தைக் கொடுக்கும். காய்ச்சலும் களைப்பும் முதலில் மங்கச் செய்வது, “நான் நலமாயிருக்கிறேனா?” என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய அந்த மதியைத்தான். துணைவிமானி ஒருவர் இருக்கிறாரே என்பர் சிலர். இருவர் வேண்டுமென்று விதித்தது இருவரும் நலமாயிருப்பார்கள் என்ற நம்பிக்கையில். ஒருவருடைய நோய்க்கு மற்றவரை மருந்தாக்குவதற்கன்று.

2023 ஆகஸ்ட் 17ஆந் திகதி இந்தியாவின் நாக்பூர் விமான நிலையத்தில், பூனாவுக்கு விமானம் செலுத்தப் புறப்பட்ட இண்டிகோ விமானி ஒருவர் வாயிலிலேயே சரிந்து விழுந்து மாண்டார். வயது 40. அதற்கு முன் 27 மணித்தியாலம் ஓய்விலிருந்தார் என்று கம்பெனி தெரிவித்தது. விதிகள் யாவும் அனுசரிக்கப்பட்டிருந்தன. மரணம் மட்டும் விதிகளை அனுசரிக்கவில்லை. இதே கம்பெனியின் விமானங்கள் 2024 செப்டெம்பர் முதல் சென்னைக்கும் பலாலிக்குமிடையே பறக்கத் தொடங்கின. ஆகவே இது நமக்கு அந்நியமான விஷயமன்று.

2025 ஜூன் 12ஆந் திகதி அகமதாபாத்தில் எயர் இந்தியா விமானம் வீழ்ந்து 260 பேர் மாண்டபின், நான்காம் நாள் அக்கம்பெனியின் 112 விமானிகள் சுகயீனமென்று அறிவித்தனர். இதனை இந்திய அமைச்சரே பாராளுமன்றத்தில் தெரிவித்தார். கேட்டவர் சிலர் முகஞ்சுளித்தனர். நமது அபிப்பிராயம் வேறு. தோழர்களைப் பறிகொடுத்த வாரத்தில், மனங் கலங்கிய விமானி “இன்று என்னால் இயலாது” என்று சொல்வாராயின், அதுவே சட்டம் அவரிடம் எதிர்பார்க்கும் நேர்மை.

இங்கே நம்மவருக்கும் ஒரு வார்த்தை. சுகயீன விடுமுறைப் போராட்டம் இந்நாட்டில் பழகிப்போன ஆயுதம். தொழிலாளரின் போராடும் உரிமையை நாம் என்றும் மறுத்தவரல்லர். ஆயினும் நலமுள்ள நூறு பேர் நோயாளிகளென்று கையொப்பமிட்ட மறுநாள், மெய்யாகவே நோயுற்ற ஒருவரை நம்புவார் யார்? வேலைநிறுத்தம் செய்வோர் வேலைநிறுத்தம் என்றே அதற்குப் பெயர் சூட்டட்டும்.

நோயை மறைப்பதால் நேரும் கேட்டுக்கு ஜேர்மன்விங்ஸ் விமானம் சாட்சி. 2015 மார்ச் 24ஆந் திகதி அதன் துணைவிமானி வேண்டுமென்றே விமானத்தை அல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் மாண்டனர். மனநோயுற்றிருந்த அவருக்குப் பணிக்குத் தகுதியற்றவர் என்று வைத்தியர் கொடுத்த பத்திரம், கம்பெனியை எட்டவேயில்லை. நோயாளியின் இரகசியத்தை வெளியிட்டால் தண்டனை உண்டென்பதால் வைத்தியரும் வாய் திறக்கவில்லை. பறக்கும் உரிமையும் வருமானமும் பறிபோகும் என்ற அச்சம் விமானிகளை மௌனமாக்குகிறது என்பதைப் பிரெஞ்சு விசாரணையாளர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினர். அமெரிக்கா இதனை முன்பே ஓரளவு உணர்ந்து, மனச்சோர்வுக்கான நான்கு மருந்துகளை உட்கொள்வோர் வைத்தியக் கண்காணிப்பின்கீழ் பறப்பதற்கு 2010இல் வழி திறந்தது. உண்மை சொன்னால் தொழில் போய்விடாது என்ற நிலை உண்டானாலன்றி உண்மை வெளிவராது.

பல கம்பெனிகளில் விமானியின் வருமானத்தில் ஒரு பங்கு பறந்த மணித்தியாலங்களைப் பொறுத்தது. நோயென்று வீட்டிலிருந்தால் அப்பங்கு குறையும். மலையகத்தில் கொழுந்தெடுக்கும் பெண் காய்ச்சலோடு மலை ஏறுவதும் இதே காரணத்தால்தான். வரவுக்கென்று காசு கொடுக்கும் எவரும் நோயாளியின் வரவையும் சேர்த்தே விலைக்கு வாங்குகின்றனர்.

ஸ்ரீலங்கன் விமானசேவை அரசாங்கத்தின் சொத்து. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அதன் விமானிகள் பலர் பிற நாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்றனர். ஆட்குறைவு நேர்ந்த இடத்தில், நோயென்று சொல்ல நினைப்பவர் தமக்குப் பதில் ஆளில்லை என்பதையும் நினைக்க நேரும். கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்காவுக்குச் சென்று பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோருக்கு இதை அறிய உரிமையுண்டு. பாராளுமன்றத்தின் ‘கோப்’ குழுவில் நம் உறுப்பினர்கள் மூன்று கேள்விகளை எழுப்பவேண்டும்: சுகயீனமென்று அறிவிக்கும் விமானிக்கு அம்மாத வருமானத்தில் எவ்வளவு குறைகிறது? அவ்வாறு அறிவித்ததற்காகச் சென்ற ஆண்டில் எத்தனை பேரிடம் விளக்கம் கோரப்பட்டது? நோயினால் அனுமதிப்பத்திரத்தை இழப்பவருக்குக் காப்புறுதி உண்டா? விடைகளை மூன்று மொழிகளிலும் வெளியிடச் செய்வதும் அவர்கள் கடமை.