‘காப்பிக் காசு தானே, வாங்கினா என்ன?’: கமிஷன் எப்போது லஞ்சமாகிறது?

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடை. நீங்கள் அங்கே சரக்கு வாங்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி ஆர்டரைப் பேசி முடித்ததும் சப்ளையர் ஒரு கவரை நீட்டுகிறார். “500 ரிங்கிட்தான், காப்பிக் காசு. உங்க முதலாளிகிட்ட சொல்ல வேணாம்.”

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். முதலாளிக்குத் தெரிந்து, கணக்கில் ஏறி வரும் விற்பனைக் கமிஷன் சாதாரண வியாபாரம். அவருக்குத் தெரியாமல், ஆர்டரை ஒருவர் பக்கம் சாய்ப்பதற்காக வருவது வேறு.

“லஞ்சம்னா அரசாங்க ஆபீஸ்ல நடக்கிறது தானே?” என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 2009 மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17-வது பிரிவு தனியார் ஊழியருக்கும் பொருந்தும். கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. கூடவே லஞ்சத்தைப் போல 5 மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். அதாவது அந்த 500 ரிங்கிட்டுக்குக் குறைந்தது 10,000! கமிஷனை மறைக்க பில்லில் விலையை ஏற்றி எழுதினால் 18-வது பிரிவும் வரும்.

சரி, “எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்” என்று நீதிமன்றத்தில் சொல்லலாமா? முடியாது. தொழில் வழக்கம், பண்டிகை வழக்கம் என்பதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நம் ஊரில் அதிகம் பேர் நம்பியிருக்கும் சாக்கு இதுதான்; அது சட்டத்தில் எடுபடாது.

முதலாளிகளும் தப்ப முடியாது. 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 17ஏ பிரிவின்படி, தொழிலுக்காக ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றம் சாட்டப்படலாம். கூட்டு வியாபாரமும் இதில் அடங்கும். தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்திருந்தேன் என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை.

கிளினிக்கிலும் இதே கதைதான். நோயாளியை அனுப்பி வைத்ததற்காகக் கட்டணத்தில் பங்கு வாங்குவதை மலேசிய மருத்துவ மன்றம் ஒழுக்கக்கேடாகவே பார்க்கிறது.

சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ‘ஜின்கோவிட்’ மாத்திரையைப் பிரபலப்படுத்த மருத்துவர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்று கொடுத்த நிறுவனம், அந்தச் செலவுக்கு வருமான வரிக் கழிவு கேட்டது. “வாங்கக் கூடாது என்ற விதி மருத்துவர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை” என்பது அதன் வாதம். 2022 பிப்ரவரி 22 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இந்த ‘இலவசம்’ மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. தங்கக் காசுக்குப் பணம் கட்டியவர் மாத்திரை வாங்கிய நோயாளி!

மறுபடி உங்கள் மேசைக்கு வருவோம். கவரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் போதுமா? போதாது. லஞ்சம் தர முன்வந்தாலே புகார் செய்ய வேண்டும் என்கிறது 25-வது பிரிவு. தகுந்த காரணமின்றிப் புகார் செய்யாவிட்டால் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கோபத்தில் முதலில் டிக்டாக்கில் போட்டுவிடாதீர்கள். 2010 தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம், எஸ்பிஆர்எம் போன்ற அமலாக்கத் துறையிடம் நேராகச் சொல்பவரைத்தான் காக்கும்.