இருபது மங்குப் பால்



போன மாதம் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது, யாரோ சொன்னதைக் கேட்டு 2,000 வெள்ளிக்கு ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினார். பங்கு ஒன்று 20 காசு. மொத்தம் 10,000 பங்குகள். பிறகு விலை இறங்கிக்கொண்டே போய் 3 காசில் வந்து நின்றது.

அன்று அவர் கையில் ஒரு கடிதம், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நம்ம பங்கு 60 காசுக்கு ஏறிடுச்சு! மகன் இன்னும் வாங்கிப் போடலாங்கிறான். மருமகளோட வளையலை அடகு வைக்கலாம்னு பேச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

கடிதத்தை வாங்கிப் படித்தேன். 20 பழைய பங்குகளைச் சேர்த்து ஒரு புதிய பங்காக ஆக்கிவிட்டதாகக் கம்பெனி எழுதியிருந்தது. இதற்குப் பங்கு ஒருங்கிணைப்பு என்று பெயர்.

"அண்ணே, விலை இருக்கட்டும். இப்போ உங்ககிட்ட எத்தனை பங்கு இருக்கு?" என்று கேட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டோம். முன்பு 10,000 பங்குகள், 3 காசு வீதம் 300 வெள்ளி. இப்போது 500 பங்குகள், 60 காசு வீதம் அதே 300 வெள்ளி!

இருபது மங்குப் பாலை ஒரு வாளியில் ஊற்றினால் வாளி நிறைந்ததுபோல் தெரியும். பால் கூடிவிட்டதா? இல்லையே. கம்பெனியில் அவருக்கிருந்த பாத்தியதையும் கூடவில்லை, குறையவும் இல்லை.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் இதைச் செய்கின்றன? சில காசுக்கு விற்கும் பங்கை மக்கள் மலிவாக நினைக்கிறார்கள். சில பங்குச் சந்தைகள் குறைந்தபட்ச விலையும் விதிக்கின்றன. சிங்கப்பூர்ச் சந்தை 2015-இல், அதன் முதன்மைப் பிரிவில் உள்ள பங்குகளுக்கு 20 காசு என்று விதித்தது. அதற்காகப் பல கம்பெனிகள் பங்குகளைச் சேர்த்தன. அந்த விதி 2020-இல் எடுக்கப்பட்டது.

பெரிய கம்பெனிகளும் இதைச் செய்ததுண்டு. அமெரிக்காவின் சிட்டி குரூப் வங்கி 2011 மே மாதத்தில் 10 பங்குகளை ஒன்றாக்கியது. ஏறத்தாழ 2,900 கோடிப் பங்குகள் 290 கோடியாகின. நாலரை டாலராக இருந்த விலை ஒரே நாளில் 44 டாலர் அளவுக்கு வந்தது. 2007-இன் தொடக்கத்தில் அந்தப் பங்கு 50 டாலருக்கு மேல் விற்றது. விலையை மட்டும் பார்த்தவருக்கு இழந்ததெல்லாம் திரும்பி வந்ததுபோல் இருந்திருக்கும். ஆனால் 50 டாலர் வீதம் 1,000 பங்குகள் வாங்கியவர் போட்டது 50,000 டாலர். ஒருங்கிணைப்புக்குப் பின் அவரிடம் இருந்தது 100 பங்குகள், அதாவது சுமார் 4,400 டாலர்தான்.

சிறு பங்குதாரர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, சில்லறைப் பங்கு. நம் சந்தையில் 100 பங்குகள் ஒரு லாட். 1,000 பங்குகள் வைத்திருந்தவருக்கு 20-க்கு ஒன்று என்றால் 50 பங்குகளே மிஞ்சும். அவற்றை நல்ல விலைக்கு விற்பது கடினம். விற்றாலும் வரும் 30 வெள்ளியில் தரகுக் கூலியே பெரும்பகுதியைத் தின்றுவிடலாம்.

இரண்டாவது, புதிய பங்கு வெளியீடு. ஒருங்கிணைப்பு முடிந்த கையோடு சில கம்பெனிகள் புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டும். நாம் மேலும் பணம் போடாவிட்டால் நம் பாத்தியதை குறையும். பாலில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

மூன்றாவது, வியாபாரம். கடனும் நட்டமும் அப்படியே இருந்தால், 60 காசும் மறுபடி இறங்கும். வியாபாரம் தேறினால் பங்கும் தேறும். அமெரிக்காவின் பிரைஸ்லைன் கம்பெனி 2003-இல் 6 பங்குகளை ஒன்றாக்கியது. பிறகு அதன் பங்கு பல மடங்கு உயர்ந்தது. உயர்த்தியது வியாபாரம், ஒருங்கிணைப்பு அல்ல.

ஆகவே இப்படிக் கடிதம் வந்தால் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போட உங்களுக்கும் உரிமை உண்டு. போக முடியாவிட்டால் பதிலாளை நியமிக்கும் படிவம் இருக்கிறது. ஆங்கிலம் புரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து, "எத்தனை பங்கு, என்ன விலை, மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ என்னோட 1,700 வெள்ளி போனது போனதுதானா தம்பி?" என்றார்.

"இந்தக் கடிதத்தால போகல அண்ணே. விலை இறங்கினப்பவே போயிடுச்சு. மிச்சம் 300 வெள்ளியை வைக்கிறதா, விக்கிறதான்னு நிதானமா யோசிங்க. வளையல் மட்டும் மருமக கையிலேயே இருக்கட்டும்" என்றேன்.

கணக்குப் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மகனிடம் காட்டுவதற்காக.