சங்கராபரணத்தில் ஒரு மாலைப் பாமாலை

2022 ஜனவரி 29 அன்று டெல்லியில் குடியரசு நாள் விழாவின் முடிவாக நடந்த பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், பல பத்தாண்டுகளாக வாசிக்கப்பட்டு வந்த ‘அபைட் வித் மீ’ ஒலிக்கவில்லை. காந்திக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. அந்நியப் பாட்டு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் தாம் இறந்த ஆண்டான 1847-இல் எழுதிய பாட்டு அது. இன்று உலகம் அறிந்த மெட்டை 1861-இல் வில்லியம் ஹென்றி மங்க் கொடுத்தார். தமிழ்ப் பாமாலைப் புத்தகத்தில் அது ‘என்னோடிரும்’. மாலை ஆராதனையிலும் அடக்க ஆராதனையிலும் பாடுவார்கள்.

மெட்டின் முதல் ஐந்து சுரங்கள் க, க, ரி, ஸ, ப. காவிரி டெல்டாவில் பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் மெட்டைத் தொடர்ந்து கேட்டால் சங்கராபரணம் என்று சொல்லிவிடும். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரே பாண்டு இசை மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு சுவரம் எனப்படும் அந்த ஏறக்குறைய 40 உருப்படிகளும் சங்கராபரணம்தான். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் அரண்மனையில் மேற்கத்திய பாண்டு வைத்திருந்தார். அதே ஊரில் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்தார். பின்னாளில் இன்னொரு கிறிஸ்தவரான ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூலை வெளியிட்டார்.

சுரம் பழகியதுதான். அப்படியானால் ஆர்கனில் கேட்கும்போது மட்டும் ஏன் நெஞ்சு கனக்கிறது?

மெட்டு ஒன்று மேலே போக, அதன் கீழே மூன்று குரல்கள் தனித்தனி வழியில் நகர்கின்றன. நம் கச்சேரியில் இது கிடையாது. பெரிய குழாய் ஆர்கனைக் கேட்கச் சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் போன்ற கோயில்களுக்குப் போக வேண்டும். கிராமத்துக் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம்தான் ஆர்கன். வரி முடிந்து சுரம் ஓயும் இடத்தில் சபை மூச்சு வாங்கும். பாட்டின் அழகே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இப்போது பல கோயில்களில் கீபோர்டு வந்துவிட்டது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆர்கன் ஒலியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தாளப் பொத்தானை அழுத்தியதும் ‘என்னோடிரும்’ கல்யாண ஊர்வலமாகிவிடுகிறது. வரி முடிவில் நிற்க இடமில்லை. கீழ்க்குரல்கள் டிரம் சத்தத்தில் காணாமல் போகின்றன.

கோயில் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு மாலை ஆராதனையில் அந்தப் பொத்தானை மட்டும் அணைத்து வையுங்கள். நான்கு குரலையும் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால், அவர் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள்.