‘டைனோ பொய் சொல்லாது’ என்னும் பொய்

‘டைனோ பொய் சொல்லாது.’ மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் திறன்கூட்டித் தருவோர் சொல்லும் இவ்வாக்கியத்தை, ஆய்வு மாணவர்களும் இப்போது மறுக்கமுடியாத சான்றுபோல் பகிர்கிறார்கள். இதை மறுத்தே எழுதுகிறேன். மெய்யும் பொய்யும் கூற்றின் பண்புகள். பொறியின் பண்புகள் அல்ல. டைனமோமீட்டர் அளக்க மட்டுமே செய்கிறது. அந்த அளவை வைத்து நாம் அமைக்கும் வாக்கியத்தில்தான் பொய் நுழைகிறது.

‘ஒரு குதிரைத்திறன் கூடியது’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கே அளந்தது? தயாரிப்பாளர் அறிவிப்பது கிராங்க் தண்டில் கிடைக்கும் திறன். பட்டறையின் உருளை அளப்பது பின்சக்கரத்தில் எஞ்சும் திறன். கியரும் சங்கிலியும் டயரும் இடையில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. எந்தக் குதிரைத்திறன்? பிரித்தானிய அளவில் 745.7 வாட், மெட்ரிக் அளவில் 735.5 வாட்.

எந்தக் காற்றில்? மட்டாஞ்சேரியில் 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் நிலவும் நாளில், காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 3.4 கிலோபாஸ்கல் நீராவிக்கே போய்விடும். ஆக்சிஜன் அந்த விகிதத்தில் குறையும். இதைச் சரிசெய்யத்தான் திருத்தக் காரணிகள் உள்ளன. எஸ்ஏஇ ஜே1349 தரநிலை 25 பாகை வெப்பமும் 99 கிலோபாஸ்கல் அழுத்தமும் உள்ள உலர்காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. பழைய முறைகள் இதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றைக் கொள்வதால் அதே ஓட்டத்துக்குச் சில விழுக்காடு கூடுதலான எண்ணைத் தரும். மாற்றத்துக்கு முன் ஒரு முறையும் பின் வேறொரு முறையும் பயன்படுத்தினால், ஒரு திருகைக்கூடத் தொடாமல் 20 குதிரைத்திறன் வண்டியில் ஏறத்தாழ ஒரு குதிரையைப் பிறப்பித்துவிடலாம்.

உச்ச எண் மட்டும் போதுமா? ராயல் என்ஃபீல்டு 2021இல் வெளியிட்ட கிளாசிக் 350 வண்டிக்கு அறிவிக்கப்பட்ட முறுக்குவிசை 4,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர். திறன் 6,100 சுழற்சியில் 20.2 குதிரை. கணக்கிட்டால், அந்த 6,100இல் முறுக்குவிசை சுமார் 23.6 ஆகச் சரிந்திருக்கிறது. பசார் ரோட்டில், கிடங்குகளுக்கு நடுவே சுமைவண்டியின் பின்னால் ஊர்பவருக்கு வேண்டியது கீழ்ச்சுழற்சி இழுவை. அதைப் பலிகொடுத்து உச்சியில் ஒரு குதிரையைக் கூட்டினாலும் விளம்பரம் அதை வெற்றி என்றே எழுதும். மேலும், உருளையின் சடத்துவத்தைக் கொண்டு மட்டும் அளக்கும் டைனோ சில நொடி முழுத் திறப்பையே காட்டும். நாம் பெரும்பாலும் ஓட்டுவதோ பாதித் திறப்பில். அதை நிலையான சுமையில் சோதிக்கப் பிரேக் வகை டைனோ வேண்டும்.

அச்சுத்தாள் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு. புகை வடிகட்டும் வினையூக்கி நன்கு இயங்க, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்சத் திறனுக்காக அதைச் சுமார் 13க்கு இறக்கினால் எண் உயரும். கார்பன் மோனாக்சைடும் உயரும். திறன் ஓட்டியவருக்கு, நஞ்சு தெருவுக்கு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

நான் டைனோவுக்கு எதிரியல்லன். சைலன்சரின் ஒலி பெருத்தாலே வேகம் கூடியதாக மயங்கும் செவிகள் நம்முடையவை; அம்மயக்கத்தைக் கலைக்க அளவீடே வழி. கோவை கரி பந்தயத் திடலில் ஓடும் வண்டிக்கு அது இன்றியமையாதது. என் சினம் அளவீட்டின் மீதன்று. நிபந்தனைகளை வெட்டியெறிந்து எண்ணை மட்டும் ஏந்திவரும் வழக்கத்தின் மீது.

சூழலைக் குறிக்காத ஒரு தரவை மொழியியல் ஆய்வேட்டில் எழுதினால் நெறியாளர் திருப்பி அனுப்புவார். அதே கண்டிப்பைப் பட்டறைத் தாளிடம் காட்ட நமக்கு என்ன தயக்கம்? டைனோவின் வகை, அளந்த இடம், கியர், திருத்தமுறை, அன்றைய வெப்பமும் ஈரப்பதமும், காற்று எரிபொருள் விகிதம், முழு வளைகோடு, குறைந்தது மூன்று ஓட்டங்கள்: இவை இல்லாத தாளைச் சான்றென்று ஏற்காதீர்கள். பணம் கொடுக்குமுன் கேளுங்கள். பதில் சொல்ல மறுக்கும் பட்டறை விற்பது திறனை அன்று, ஓர் எண்ணை மட்டுமே.