பேர் எழுத இடம் இருக்கு, பின்னாடி உட்கார ஆள்தான் இல்லை

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவைப் படிச்சிட்டு எங்க ஊர் தமிழ்ச் சங்கத்துல பாதிப் பேர் என்கூடப் பேச மாட்டாங்க. மீதிப் பாதி ஏற்கெனவே பேசறதில்லை, அதனால பெரிய நஷ்டம் இல்லை :-)

விஷயம் இதுதான். கொல்கத்தாவில் எங்கள் ஏரியா சங்கத்துக்கு இது ஐம்பதாவது வருடம். அதன் நினைவாக ஒரு ஆம்புலன்ஸ் வாங்கி, பக்கத்துத் தெரு க்ளப்புக்குக் கொடுப்பதாகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பட்ஜெட் 17 லட்சம். வண்டியின் இரண்டு பக்கமும் சங்கத்தின் பெயர், பின்கதவில் புரவலர்கள் பெயர். வீட்டுக்கு இவ்வளவு என்று லிஸ்ட் வாட்ஸப்பில் வந்தாச்சு. வருகிற ஞாயிறு பொதுக்குழு. நான் எதிர்த்து ஓட்டுப் போடப் போகிறேன்.

"ஏன் சார், நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிக்கறீங்க?" என்று செயலாளர் போனில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் நீட்டி.

பி.காம் முதல் வருடத்தில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: கேப்பிடல் செலவு வேறு, ரெவின்யூ செலவு வேறு. வண்டி வாங்குவது முதல் ரகம். டீசல், டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், ஆக்சிஜன் ரீஃபில் எல்லாம் இரண்டாவது. நம் நாட்டில் முதல் ரகத்துக்குத்தான் மாலை, ரிப்பன், போட்டோ. எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி. அதில் ஆம்புலன்ஸ் வாங்கலாம், அதை ஓட்டும் தொடர் செலவுக்குக் கொடுக்க விதியே இடம் தராது. கம்பெனிகளும் பெரும்பாலும் இதே வழிதான். சாவி கொடுப்பதைப் போட்டோ எடுக்கலாம், டீசல் பில்லை எப்படி எடுப்பது?

இதை வெளியே நின்று சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு மாநிலத்தில், நான் இருந்த கிளையிலிருந்தே ஒரு டிரஸ்டுக்கு இப்படி ஒரு வண்டி கொடுத்தோம். வவுச்சரில் என் கையெழுத்து. தெர்மோகோலில் செய்த ரெண்டு அடி சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவில் இடமிருந்து மூன்றாவது ஆள் அடியேன். பதினாலு மாதம் கழித்து ஆடிட்டுக்காக அந்தப் பக்கம் போனபோது வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. முன் டயர் ரெண்டும் தரையோடு. ஸ்ட்ரெச்சர் மேல் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் லோகோ மட்டும் பளிச்சென்று இருந்தது. நல்ல பெயிண்ட்.

சரி, அது பழைய கதை. என்னை உலுக்கியது போன வருடம் நடந்தது.

எதிர் ஃப்ளாட் மாமா, எழுபத்தி மூணு வயது, ராத்திரி ஒன்றரை மணிக்கு மூச்சு விட முடியாமல் திணறினார். மாமி கதவைத் தட்டினாள். எங்கள் தெருவில் எல்லோரும் முதலில் கூப்பிடுவது க்ளப் வண்டியைத்தான். பத்தே நிமிடத்தில் வந்தது. டிரைவர் ஒருவர், கூட ஒரு பையன். இருபத்தி மூணு வயது இருக்கும், பகலில் மொபைல் கடையில் வேலை. எங்கள் கட்டடம் பழசு, லிஃப்ட் கிடையாது, மாடிப்படி திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அவனே எங்கள் டைனிங் சேரை எடுத்து, மாமாவை உட்காரவைத்து வேட்டியால் கட்டி, மூணு மாடி இறக்கினோம். "காக்கு, நீங்க கால் பக்கம் பிடிங்க, பின்னாடி பார்த்து இறங்காதீங்க, நான் சொல்றேன்" என்று ஒவ்வொரு படியாக எண்ணினான்.

வண்டியில் ஏற்றினால் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. மீட்டர், மாஸ்க் எல்லாம் இருக்கிறது. வால்வைத் திறக்கும் சாவி இல்லை! யாரோ ரீஃபிலுக்குக் கொண்டுபோனபோது கடையிலேயே விட்டிருக்கிறார்கள். பையன் கையால் திருகிப் பார்த்தான், டூல்பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தான், வழுக்கியது. "ஆக்சிஜன் வைக்கலையா?" என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பாதி வழியில் மாமாவுக்கு மூச்சு நின்றது. பையன் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு எப்போதோ போனானாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவன் "காக்கு, மாறுங்க" என்றபோது கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. லோன் ஃபைலில் நாற்பது ஓட்டை கண்டுபிடிக்கிற ஆள் நான். ஆஸ்பத்திரி வரை அவன் ஒருத்தனே செய்தான். மாமா பிழைக்கவில்லை. சாவி இருந்திருந்தால், நான் கற்றிருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

விடிகாலை நாலரைக்கு அந்தப் பையன் க்ளப் வாசலில் பக்கெட் வைத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். வாந்தி, ரத்தம் எது ஆனாலும் கழுவுவது அவர்கள்தான். க்ளவுஸ் தங்கள் காசில் வாங்குகிறார்கள். ராத்திரி கேரம் போர்டு பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள், போன் தலைமாட்டில். காலையில் வேலைக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் டிராலி காலியாகாவிட்டால், நோயாளி வண்டி ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். அதுவரை வண்டியும் நகராது, பையனும் நகரமாட்டான். ஒரு மணி நேரம் லேட்டாகக் கடைக்குப் போனால் முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். இதற்கெல்லாம் ஒரு விபத்துக் காப்பீடுகூடக் கிடையாது. நாம் பூஜை சந்தாவுக்கு இவர்கள் வந்தால் "எல்லாம் ரௌடிப் பசங்க" என்று கதவைச் சாத்துகிறோம். (நானும் சாத்தியிருக்கிறேன்.)

2021ல் இரண்டாவது அலையில் இந்த ஊரில் ரெட் வாலண்டியர்ஸ் பையன்கள் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏறினார்கள். அவர்கள் அரசியல் எனக்கு ஒத்துவராது, ஆனால் அன்று வேலை செய்தது ஆள், வண்டி இல்லை. இதே மாநிலத்தில் ஜல்பைகுரிப் பக்கம் கரீமுல் ஹக் என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி. ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தாயைப் பறிகொடுத்தவர். தன் மோட்டார் சைக்கிளிலேயே நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 2017ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் ஊர் 108ஐப் பாருங்கள். 2008லிருந்து ஓடுகிறது. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை நினைத்து நாம் இங்கே கொஞ்சமாவது தூங்குகிறோம் என்றால், அந்த வண்டியில் டிரைவர் தவிர ஒரு டெக்னீஷியன் பின்னால் உட்கார்ந்து வருகிறார் என்பதால்தான்.

இப்போது செயலாளருக்குக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஆள் 48 மணி நேரம் என்றால் ஒரு சீட்டுக்கு மூன்றரை ஆள், லீவு சேர்த்து நாலு. டிரைவர் சீட், பின் சீட் இரண்டுக்கும் எட்டு ஆள். மாதம் 15,000 என்று குறைவாகப் போட்டாலும் 1,20,000. வருடத்துக்கு 14,40,000. அதாவது வண்டி விலை 17 லட்சத்தை, டீசல் போடாமலேயே, ஒன்றேகால் வருடத்துக்குள் சம்பளம் தாண்டிவிடும். இந்தப் பணத்தை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. எந்த பார்ட்டியாவது இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு என் டேபிளுக்கு வந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

இன்னொன்று. ஆம்புலன்ஸுக்கு ஏ.ஐ.எஸ்.125 என்று தரவிதி இருக்கிறது. அதில் நாலு ரகம்: முதலில் போய்ச் சேரும் வண்டி, நோயாளியை ஏற்றிப்போகும் வண்டி, அடிப்படை உயிர்காப்பு, உயர்நிலை உயிர்காப்பு. நாம் வாங்கப்போவது எந்த ரகம் என்று கேட்டேன். "ஏ.சி. வண்டி சார்" என்றார்.

க்ளப்பில் ஏற்கெனவே ஒரு வண்டி ஓடுகிறது. இன்னொன்று வந்தால் அதே நாலு பையன்கள்தான் இரண்டையும் பார்க்கவேண்டும். அதனால் ஞாயிறன்று நான் மாற்றுத் தீர்மானம் கொண்டுவருகிறேன். வண்டி வேண்டாம். இருக்கிற வண்டிக்கு இரண்டு பி டைப் சிலிண்டர். ஒன்றில் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம் வரும். சாவியைச் சங்கிலி போட்டுச் சிலிண்டரோடு கட்டவேண்டும். சக்ஷன் மெஷின், படியில் இறக்கும் மடக்கு நாற்காலி, ஒரு ஏ.ஈ.டி. இந்த ஏ.ஈ.டி.யின் பேடுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, அதற்கும் பணம் ஒதுக்கவேண்டும். பையன்களுக்கு முறையான முதலுதவிப் பயிற்சி, விபத்துக் காப்பீடு, க்ளவுஸ். மிச்சப் பணம் ஃபிக்ஸட் டெபாசிட்டில், வட்டி டீசலுக்கும் ரீஃபிலுக்கும். ராத்திரி டூட்டி பார்ப்பவனுக்கு ஒரு தொகை. கடை முதலாளி பிடிப்பதாவது ஈடாகட்டும்.

"அப்போ நம்ம சங்கம் பேரை எங்கே போடறது?" இது ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. ஐம்பது வருடம் அந்நிய ஊரில் நடத்திய சங்கத்துக்குத் தெருவில் ஒரு அடையாளம் வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. க்ளப் சுவரில் ஒரு சின்னப் பலகை வைக்கலாம், பையன்கள் சட்டையில் போடலாம். ஆனால் அந்தப் பெயர் வேப்பமரத்தடியில் நின்றால் என்ன அழகு என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தீர்மானத்தின் கடைசி வரி தங்கமணி சேர்த்தது: பணம் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் பயிற்சிக்கு வரவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நானும், ப்ளஸ் ஒன் படிக்கிற பெண்ணும். மாமி தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பொதுக்குழு காலை பத்தரைக்கு, மாடி ஹாலில். தீர்மானத்தை முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒரு ஆள் வேண்டும்.