பாராட்டு யாருக்கு உரியது?

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

மாணவர்களே! ஒரு பொருளைப் பற்றித் தம் எண்ணத்தைச் சான்றுகளுடன் எடுத்துரைப்பது கருத்துக் கட்டுரை ஆகும். படிப்பவர் அதனை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுப்பவரும் காரணம் காட்ட வேண்டும். இதனை மனத்திற்கொண்டு பின்வரும் பாடத்தைப் படியுங்கள்.

வண்டூர்ப் படகுத்துறையில் காலை வேளைகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஜாலிபாய்த் தீவுக்குச் செல்ல வந்த பயணியரின் பைகள் அங்கே சோதிக்கப்படுகின்றன. நெகிழிப் பைகளும் தின்பண்டப் பொட்டலங்களும் தீவுக்குச் செல்லாமல் கரையிலேயே நின்றுவிடுகின்றன. சிலர் முகம் சுளிக்கின்றனர். சிலர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கின்றனர். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதிலுள்ள ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய இரு தீவுகளும் பயணியருக்காக மாறி மாறித் திறக்கப்படுகின்றன. ஒன்று திறந்திருக்கும் காலத்தில் மற்றொன்று ஓய்வு கொள்கிறது. விளைந்த நிலத்தைச் சில காலம் தரிசாக விட்டு ஆறவைக்கும் நம் உழவர்களின் வழக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது.

இந்தச் சிறு காட்சியிலிருந்து ஒரு பெரிய வினா எழுகிறது. நம் தீவுகளுக்கு விருந்தினரை அழைத்து வரும் பயணத் தொழில்கள் பல. விடுதி நடத்துவோர், படகு ஓட்டுவோர், மகிழுந்து ஓட்டுவோர், கடலில் மூழ்கிப் பவளம் காணக் கற்பிப்போர், சுற்றுலா ஏற்பாட்டாளர் எனப் பல திறத்தார் உள்ளனர். இவர்களுள் யாரைப் பாராட்ட வேண்டும்? யாருக்குப் பரிசும் சான்றிதழும் தர வேண்டும்?

இவ்வினா வெறும் விழா மேடைக்கு உரியதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. 2018ஆம் ஆண்டில் இங்கு வந்த பயணியரோ ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். வீட்டில் வாழ்வோரைவிட விருந்தினரின் எண்ணிக்கை மிகுந்துவிட்டது. அத்தகைய வீட்டில் விருந்தோம்பல் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பொறுத்தே அவ்வீட்டின் நாளைய நிலை அமையும்.

சுற்றுலாவே வேண்டா என்று நான் கூறவில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய்த்தொற்றால் பயணியர் வருகை நின்றபோது படகுத்துறைகள் வெறிச்சோடின. விடுதிகளில் வேலை செய்தோர் வருவாய் இழந்தனர். நம் உறவினர்களுள் பலர் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர். தொழில் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய தொழில் வேண்டும் என்பதே வினா.

உலகில் இதற்கெனப் பல சான்றிதழ்கள் உள்ளன. ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் தீவிலுள்ள ராதாநகர்க் கடற்கரைக்கு 2020ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அவ்வாண்டு இந்தியாவில் அச்சான்றினைப் பெற்ற எட்டுக் கடற்கரைகளுள் அதுவும் ஒன்று. மறு ஆண்டில் தமிழ்நாட்டின் கோவளம் கடற்கரையும் அப்பெருமையை அடைந்தது. நீரின் தூய்மை, சுற்றுச்சூழல் கல்வி, சூழல் மேலாண்மை, பாதுகாப்பும் வசதியும் ஆகிய நான்கு பிரிவுகளில் 33 அளவுகோல்களைக் கொண்டு இச்சான்று வழங்கப்படுகிறது. ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைப்பது அன்று இது. காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். தவறினால் கொடி இறங்கிவிடும். இது நல்ல முறை.

எனினும், கொடி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. கடற்கரை தூய்மையாக இருக்கிறது என்பதை அது கூறும். அக்கடற்கரைக்குச் செல்லும் வழியில் இளநீர் விற்பவர் நல்ல வருவாய் பெறுகிறாரா என்பதை அது கூறாது. அருகிலுள்ள விடுதி, தன் ஊழியர்களை எந்த ஊரிலிருந்து அமர்த்துகிறது என்பதையும் அது கூறாது. ஆகவே, கொடியைப் பார்த்த பின்னும் நாம் சில வினாக்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. என் கருத்தில் அவ்வினாக்கள் நான்கு.

முதல் வினா: பணம் எங்கே தங்குகிறது? ஒரு பயணி பெருநகரத்து நிறுவனத்திடம் முன்பதிவு செய்கிறார். விடுதியின் உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். சமையலுக்குரிய காய்கறிகள் கப்பலில் வருகின்றன. அவ்வாறாயின், அப்பயணி செலவிட்ட பணத்தில் தீவில் எஞ்சுவது எவ்வளவு? நீல் தீவு என்னும் ஷஹீத் தீவு காய்கறி விளைச்சலுக்குப் பெயர்பெற்றது. அங்கு விளைந்த கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் வாங்கிச் சமைக்கும் விடுதி, ஓர் உழவர் குடும்பத்தையும் தன் விருந்தினராக்கிக் கொள்கிறது.

இது நடக்கக்கூடியதே என்பதற்குக் கேரளத்தின் குமரகம் சான்றாகும். அங்கு 2008ஆம் ஆண்டில் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் காய்கறி பயிரிட்டன. விடுதிகள் அவற்றை வாங்கின. ஊராட்சியும் உழவரும் விடுதியாரும் கலந்து பேசும் முறை உருவாயிற்று. இத்திட்டத்திற்காகக் கேரளச் சுற்றுலாத்துறை, ஐக்கிய நாடுகள் சபையின் உலகச் சுற்றுலா அமைப்பு வழங்கிய யுலிசிஸ் விருதினைப் பெற்றது. இங்கே சிறப்பிக்கப்பட்டது ஒரு மாளிகையின் அழகு அன்று; ஓர் ஊர் தன் விருந்தினரோடு செய்துகொண்ட ஒழுங்கு.

இரண்டாம் வினா: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே செல்கிறது? போர்ட் பிளேயர் என வழங்கிவந்த ஸ்ரீ விஜயபுரம், குடிநீருக்குத் தனிக்காரி அணையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் மழை பெய்தும், கோடையில் குழாய்நீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வருவதை நம் வீடுகளில் அறிவோம். அன்னை குடத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் அதே ஊரில், ஒரு விடுதியின் நீச்சல் குளம் நிறைந்திருக்குமானால் அதற்குப் பசுமைப் பரிசு தருவது முறையா? மழைநீரைச் சேமித்து, பயன்படுத்திய நீரைத் தூய்மை செய்து தோட்டத்திற்குப் பாய்ச்சும் விடுதியே பரிசுக்கு உரியது. கழிவும் அவ்வாறே. தீவில் 'தூர எறிவது' என்பதே இல்லை. எங்கே எறிந்தாலும் அது நம் கரைக்கே திரும்பும்.

மூன்றாம் வினா: கடலையும் காட்டையும் எவ்வாறு நடத்துகிறது? பாறைபோல் திரண்டிருக்கும் பவளங்கள் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். நங்கூரம் ஒருமுறை விழுந்தால், ஒருவர் ஆயுட்காலத்தில் வளர்ந்தது ஒரு நொடியில் உடைந்துவிடும். 2010ஆம் ஆண்டில் கடல்நீர் வெப்பம் மிகுந்ததால் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. நோயுற்றவரை மேலும் துன்புறுத்தலாகாது அன்றோ? நங்கூரம் இடாமல் மிதவையில் படகைக் கட்டுபவரும், பவளத்தின்மேல் நிற்காதீர் என்று பயணியைத் தடுப்பவரும் கடலுக்குத் தொண்டு செய்பவர்களே. தாம் தடுத்த பயணி சினந்து மறுமுறை வாராமற் போகலாம் என்று அறிந்தும் தடுக்கிறார்களே, அதுவே அவர்களின் சிறப்பு.

நான்காம் வினா எல்லாவற்றிலும் முதன்மையானது: அத்தொழில் எதனைச் செய்ய மறுக்கிறது?

அந்தமான் பெருஞ்சாலை, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. 1999ஆம் ஆண்டில் அம்மக்களிடையே தட்டம்மை பரவியது. வெளியார் நெருக்கம் அவர்களுக்கு எத்துணை ஆபத்தானது என்பதை அந்நோய் உணர்த்தியது. காப்புக்காட்டின் வழியே செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு 2002ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும், இன்றும் வாகனங்கள் குறித்த நேரங்களில் காவலுடன் அணியாகச் சென்று வருகின்றன. வழியில் நிற்கவோ, படம் எடுக்கவோ, உணவு கொடுக்கவோ கூடாது என்பது விதி. 2012ஆம் ஆண்டு சனவரியில் வெளியான ஒரு காணொளி நாட்டையே தலைகுனியச் செய்தது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் காட்சி அதில் இருந்தது.

பாராதாங்கில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் உள்ளன. அவற்றைக் காணச் செல்வதில் தவறில்லை. ஆனால், 'வழியில் அவர்களையும் பார்க்கலாம்' என்று கண்சிமிட்டிச் சொல்லிப் பயணச்சீட்டு விற்பவர், எத்தனை மரம் நட்டாலும் பாராட்டுக்கு உரியவர் ஆகார். பயணி கேட்டபோதும், "மனிதர்கள் காட்சிப்பொருள் அல்லர், நான் வண்டியை நிறுத்தமாட்டேன்" என்று மறுக்கும் ஓட்டுநர், தம் வண்டியில் பசுமைச் சின்னம் எதுவும் ஒட்டாவிட்டாலும் பாராட்டுக்கு உரியவரே.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'உள்ளூர் மக்களுக்குப் பயன்' என்று கூறும்போது உள்ளூர் மக்கள் யாவர்? நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இங்கு வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு இந்திய - இலங்கை உடன்படிக்கையின் பின்னர்த் தாயகம் திரும்பிய தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பர்மாவிலிருந்து 1925ஆம் ஆண்டில் கரேன் மக்கள் அழைத்து வரப்பட்டனர். வங்காளியரும் தெலுங்கரும் பிறரும் வந்தனர். நமக்கெல்லாம் முன்னரே பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல், ஷாம்பென், நிக்கோபாரியர் ஆகியோர் இம்மண்ணில் வாழ்ந்து வந்தனர். ஒருவகையில் நாமும் விருந்தினராக வந்து வீட்டாராக ஆனவர்களே. ஆகவே, நமக்கு வருவாய் தருவதனால் மட்டும் ஒரு தொழில் நல்லதாகிவிடாது. நமக்கு முன்னிருந்தோரின் அமைதியைக் குலைக்காததாகவும் அது இருத்தல் வேண்டும்.

இக்கருத்துக்கு மறுப்பு உண்டு. "பரிசு என்பது விளம்பரமாகிவிடும், பணமுள்ள பெரிய நிறுவனமே விண்ணப்பத்தை அழகாக நிரப்பிப் பரிசு பெறும், நான்கு அறைகள் கொண்ட வீட்டு விடுதியை நடத்தும் அம்மையாருக்கு அதற்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை" என்பர். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால் பரிசையே கைவிட வேண்டும் என்பதன்று. பரிசு தரும் முறையை மாற்ற வேண்டும் என்பதே என் விடை. விண்ணப்பம் வரட்டும் என்று காத்திராமல், ஊரார் சென்று கண்டு தேர்ந்தெடுக்கட்டும். ஊராட்சி உறுப்பினர், மீனவர், படகோட்டி, விடுதியில் பணிபுரிவோர், ஆசிரியர் ஆகியோர் அக்குழுவில் இடம்பெறட்டும். நீலக்கொடியைப் போலக் காலந்தோறும் ஆராய்ந்து, தகுதி இழந்தவரிடமிருந்து திரும்பப் பெறட்டும். பெரியோர்க்கு ஒன்றும் சிறியோர்க்கு ஒன்றுமாகத் தனித்தனிப் பரிசுகள் இருக்கட்டும்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்து இனியவை கூறலையும், அதன்பின் செய்ந்நன்றியறிதலையும் வைத்தார். விருந்தளிப்பவரின் கடமையைச் சொன்ன நூல், நன்றி உடையவரின் கடமையையும் சொல்லாமல் விடவில்லை. தீவுகள் நமக்கு விருந்தளிக்கின்றன. நாம் விடுமுறையில் தமிழ்நாட்டுக்குச் சென்றால் அங்குள்ள மலையும் கடலும் நமக்கு விருந்தளிக்கின்றன. எங்குச் சென்றாலும் நான்கு வினாக்களையும் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். விடுதியின் வாயிலில் தொங்கும் சான்றிதழைப் படிப்பதோடு நின்றுவிடாமல், உள்ளே துடைப்பம் பிடித்திருப்பவரிடம் இரண்டு சொல் பேசிப் பாருங்கள். அவ்விடுதி பாராட்டுக்கு உரியதா என்பதை அவர் முகமே கூறிவிடும்.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
தரிசு – பயிரிடாது விடப்பட்ட நிலம்
மிதவை – நீரில் மிதக்கும் பொருள்
காப்புக்காடு – அரசால் பாதுகாக்கப்படும் காடு
செய்ந்நன்றியறிதல் – பிறர் செய்த உதவியை மறவாமை

பயிற்சி

1. ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகள் மாறி மாறித் திறக்கப்படுவதைக் கட்டுரையாசிரியர் எதனோடு ஒப்பிடுகிறார்? அவ்வொப்புமை பொருத்தமானதா?

2. நீலக்கொடிச் சான்றின் சிறப்பு ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.

3. "நாமும் விருந்தினராக வந்து வீட்டாராக ஆனவர்களே" – விளக்குக.

4. கட்டுரையாசிரியரின் கருத்துகளுள் நீங்கள் மறுக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

5. செயல்பாடு: உங்கள் பகுதியிலுள்ள ஒரு படகோட்டி, கடைக்காரர் அல்லது ஓட்டுநரிடம் தொழிலைப் பற்றி உரையாடுக. நான்கு வினாக்களுக்கும் அவர் கூறும் விடைகளை ஏட்டில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.